மியாட்டாவுக்கு டிரெய்லர் ஹிட்ச்: கடையில வாங்கறதா, நாமளே வெல்டு வைக்கறதா, இல்ல வேணவே வேணாமா?

போன ஒரு மாசத்துல மூணு பேர் இதே கேள்விய கேட்டுட்டாங்க. மூணு பேரும் கலிபோர்னியா, மூணு பேர்கிட்டயும் பழைய மாஸ்டா மியாட்டா, மூணு பேரும் ஞாயித்துக்கிழமை ஆனா ஆட்டோகிராஸ் போறவங்க. தெரியாதவங்களுக்கு: பெரிய பார்க்கிங் லாட்ல ஆரஞ்சு கோன் அடுக்கி ஒவ்வொரு காரா விட்டு யாருக்கு நேரம் கம்மின்னு பாக்கற போட்டி இது. பிரச்சனை என்னன்னா, போட்டிக்குன்னு தனியா ஒட்டற டயர் ஒரு செட் வேணும், அத அங்க போய்தான் மாட்டணும், ரெண்டு சீட்டு காருல நாலு வீலும் ஜாக்கும் டூல் பாக்ஸும் எங்க வைக்கறது? உடனே ஒரு குட்டி டிரெய்லர் கண்ணுல படும், அத இழுக்க ஹிட்ச், அதாவது காருக்குப் பின்னாடி டிரெய்லர மாட்டற இரும்புக் கொக்கி, வேணும், கையில ஒரு வெல்டிங் மெஷின் வேற இருந்துட்டா "இதென்ன, நாலு பைப்பு ரெண்டு பட்டை, நாமளே பண்ணிடலாம்"னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. என்கிட்ட இருக்கறது 1995 மியாட்டா, முதல் தலைமுறை, என்ஏன்னு சொல்வாங்க. அதுக்கு ரெண்டு தடவ ஹிட்ச் பண்ணிருக்கேன், முதல்ல பண்ணது தப்பு. அந்த கதைய கீழ சொல்றேன்.

முதல்ல எத வச்சு முடிவு பண்றதுன்னு பாத்துக்குவோம்

எடை. எல்லாரும் இங்க குத்துமதிப்பா அடிச்சு விடுவாங்க, ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. குட்டி மடக்கு டிரெய்லர் ஒரு 200 பவுண்ட், 14 இன்ச் வீல் டயரோட ஒண்ணு 35 பவுண்ட்னு வச்சா நாலுக்கு 140, ஜாக்கு, டூல்ஸ், ஒரு கேனோப்பி, தண்ணி கேன் எல்லாம் சேத்து 60. மொத்தம் 400. இதுல பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் டிரெய்லரோட மூக்கு வழியா ஹிட்ச்சுல இருக்கற பந்து (டிரெய்லர் மாட்டற இரும்புக் குமிழ்) மேல உக்காரணும், அதாவது 40ல இருந்து 60 பவுண்ட். இது கம்மியானா ஹைவேல டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சுடும், அதனால மூக்கு லேசா இருந்தா நல்லதுன்னு நெனச்சு பின்னாடி பாரம் ஏத்தாதீங்க.

ரெண்டாவது, அது காருல எத பிடிச்சுட்டு நிக்குது. இந்த மொத்தக் கட்டுரையும் இந்த ஒரு கேள்விதான். மியாட்டாவுக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, மடிச்சு மடிச்சு வெல்டு வச்ச தகரம்தான் பாடி.

மூணாவது, ரோட்டுல கழண்டா என்ன ஆகும், யாரு பொறுப்பு. அப்புறம் காசு, அதுலயும் கண்ணுக்குத் தெரியாத காசு. அப்புறம் நேரம். கடைசியா சில்லற விஷயங்க: சைலன்சர் இடிக்குதா, நம்பர் பிளேட்ட மறைக்குதா, வேணாம்னா கழட்ட முடியுமா.

ஒண்ண மட்டும் மறைக்காம சொல்லிடறேன். அமெரிக்காவுல மாஸ்டா குடுக்கற மேனுவல்ல இந்த கார் எதையும் இழுக்கறதுக்கு இல்லைன்னுதான் போட்டிருக்கு. கடை ஹிட்ச்சுல "கிளாஸ் 1, 2000 பவுண்ட், மூக்கு எடை 200"ன்னு ஸ்டிக்கர் இருக்கும், அது அந்த இரும்போட தகுதி, காரோட தகுதி இல்ல. ரெண்டையும் குழப்பிக்கிட்டு 1500 பவுண்ட் ஏத்தறவங்க இருக்காங்க, அவங்களுக்கு இந்த கட்டுரை இல்ல. நான் பேசறது 400, மிஞ்சிப்போனா 500 பவுண்ட்.

வழி 1: ஹிட்ச்சே வேணாம்

இத யாரும் யோசிக்கறதே இல்ல. எஸ்.சி.சி.ஏ.ங்கற ஆட்டோகிராஸ் நடத்தற அமெரிக்க கிளப்போட ஸ்ட்ரீட் கிளாஸ்ல ஓட்டறீங்கன்னா டயரோட ட்ரெட்வேர், அதாவது எவ்ளோ மெதுவா தேயும்ங்கற நம்பர், 200க்கு கீழ போகக்கூடாதுன்னு ரூல். அந்த 200 டயர்லயே வீட்டுல இருந்து ஓட்டிட்டுப் போய், போட்டியும் ஓட்டிட்டு, அதுலயே திரும்பி வரலாம். நிறைய பேர் அதத்தான் பண்றாங்க. டயர் சீக்கிரம் தேயும், மழையில சில டயர் கொஞ்சம் வழுக்கும், ஆனா ஒரு டிரெய்லர், அதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன், அத நிறுத்த இடம், இதெல்லாம் கணக்கு போட்டா தேயற டயர் சல்லிசுதான். அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு டிரெய்லர் நிறுத்தற இடம்தான் முதல் தலைவலியே, ஹிட்ச் எல்லாம் அப்புறம்.

தனி டயர் வேணும்னாலும் மியாட்டா உள்ள நாலு வீல திணிக்கற வித்த ஒண்ணு இருக்கு, பக்கத்து சீட்ல ரெண்டு, கால் வைக்கற இடத்துல ஒண்ணு, டிக்கியில ஒண்ணு. பாக்க கேவலமா இருக்கும், ஆனா ஆகும். பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்க, சடன் பிரேக் அடிச்சா 35 பவுண்ட் வீல் உங்க மடிக்கு வரும்.

வருஷத்துக்கு நாலஞ்சு தடவ போறவங்க, வீட்டுல இன்னொரு பெரிய வண்டி இருக்கறவங்க இதோட நிறுத்திக்கலாம். மேல படிக்க வேணாம், சத்தியமா.

டிரெய்லர் வேணாம், ஹிட்ச்சுல சொருகற கேரியர் வாங்கி அதுல டயர வைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார். கணக்கு பாருங்க. டயர் 140, கேரியர் 50, மொத்தம் 190 பவுண்ட், பின் ஆக்ஸில்ல இருந்து நாலடி தள்ளி தொங்கும். மியாட்டாவோட வீல்பேஸ் 89 இன்ச்தான். 190ஐ 48ஆல பெருக்கி 89ஆல வகுத்தா 102, அதாவது முன் சக்கரத்துல இருந்து நூறு பவுண்டுக்கு மேல தூக்கிடும். அதே டிரெய்லரா இருந்தா மூக்கு எடை 50, மூணடி தள்ளி, முன் சக்கரத்துல கொறையறது 20 பவுண்ட். இவ்ளோ சின்ன காருக்கு கேரியரவிட டிரெய்லர்தான் நல்லது, கேக்க விசித்திரமா இருந்தாலும்.

வழி 2: கடையில கிடைக்கற போல்ட்-ஆன் ஹிட்ச்

மியாட்டாவுக்குன்னே அளவெடுத்து பண்ண கிளாஸ் 1 ஹிட்ச் விக்கறாங்க, சொருகற ஓட்டை ஒன்னேகால் இன்ச் சதுரம். விலை 150ல இருந்து 300 டாலருக்குள்ள முடியும். ஆனா மியாட்டா நாலு தலைமுறை: 1989ல வந்த என்ஏ, அப்புறம் என்பி, 2005ல என்சி, 2015ல என்டி. ஒண்ணோடது இன்னொண்ணுக்கு பொருந்தும்னு நம்பாம உங்க வருஷத்துக்கு இருக்கான்னு பாத்து வாங்குங்க.

இதுல நீங்க காசு குடுக்கறது இரும்புக்கு இல்ல. எங்க பிடிக்கணும்னு ஒருத்தர் ஏற்கனவே உக்காந்து யோசிச்சு, எஸ்.ஏ.இ. ஜே684ங்கற ஸ்டாண்டர்டுப்படி சோதிச்சு, ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்திருக்காரு, அதுக்குத்தான். நாளைக்கு ஒரு ஆக்ஸிடென்ட் ஆகி இன்சூரன்ஸ்காரன் வந்து பாத்தா அந்த ஸ்டிக்கர் பேசும்.

தெரியாத செலவு இங்கயும் இருக்கு. விலையில பால் மவுன்ட் (ஹிட்ச் ஓட்டையில சொருகி பந்த தாங்கற கட்டை), பந்து, பின், செயின், வயரிங் எதுவும் வராது, எல்லாம் சேந்தா இன்னொரு நூறு டாலர ஒதுக்கி வச்சுக்கோங்க. பந்துலயும் சைஸ் இருக்கு, குட்டி டிரெய்லருக்கு பெரும்பாலும் ஒன்னே முக்கால் அரைக்கால், அதாவது 1-7/8 இன்ச், சிலதுக்கு 2 இன்ச். பந்து மேல கவுந்து உக்கார்ற டிரெய்லர் கப்ளர் மேலயே அடிச்சிருக்கும், பாத்துட்டு வாங்குங்க, 2 இன்ச் கப்ளருக்குள்ள 1-7/8 பந்து போட்டா உக்காந்த மாதிரியே இருக்கும், முதல் பள்ளத்துல தூக்கிட்டு வெளிய வந்துடும். முப்பது வருஷத்து காருன்னா பழைய போல்ட்டு துரு பிடிச்சு கழட்டும்போதே முறியும், அதுக்கு ஒரு நாள் போகும்.

புது என்டி வச்சிருக்கறவங்க வாரன்ட்டி போயிடுமான்னு பயப்படறாங்க. மாக்னசன்-மாஸ் சட்டம் 1975ல இருந்து இருக்கு, வெளி பார்ட் மாட்டின ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்ட்டியும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா ஹிட்ச்சாலதான் இது கெட்டுதுன்னு அவங்க காட்டினா அந்த ரிப்பேர் உங்க தலையில.

வழி 3: சொந்தமா பண்றது

இப்போ என் முதல் ஹிட்ச் கதை. பின் பம்பர் கவர கழட்டினேன், உள்ள பின்பக்க தகரம் நேரா, தட்டையா, போல்ட் போட கூப்பிடற மாதிரி இருந்துச்சு. ரெண்டு பிளேட் வச்சு நாலு போல்ட் போட்டு நடுவுல ரிசீவர, அதாவது பால் மவுன்ட் சொருகற சதுரக் குழாய, வெல்டு வச்சேன். பாக்க கோயில் கதவு மாதிரி கெட்டியா இருந்துச்சு. மூணாவது ஈவென்ட் முடிஞ்சு வந்து டிக்கி கார்பெட்ட தூக்கிப் பாத்தா போல்ட்ட சுத்தி தகரம் அப்பளம் மாதிரி உப்பி, ஒரு ஓட்டை ஓரத்துல முடி கனத்துக்கு விரிசல். இரும்புக்கு ஒண்ணும் ஆகல.

ஏன்னு அப்புறம் கணக்கு போட்டேன். போடறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். பந்து, போல்ட் இருக்கற இடத்துல இருந்து 10 இன்ச் பின்னாடி நீட்டிட்டு நிக்குது. மூக்கு எடை 60 பவுண்ட், பள்ளத்துல விழுந்தா மூணு மடங்குன்னு வச்சுக்கலாம், 180. 180 இன்டு 10, 1800 இன்ச்-பவுண்ட் முறுக்கு. 2 இன்ச் சதுர பைப், 3/16 கனம், இத வளைக்க இது எம்மாத்திரம், பதினஞ்சு மடங்குக்கு மேல தாங்கும். அப்போ அந்த முறுக்கு எங்க போகுது? போல்ட்டுக்கு. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவுல எனக்கு 3 இன்ச்தான் இருந்துச்சு, 1800ஐ 3ஆல வகுத்தா 600 பவுண்ட், ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேல் போல்ட்ட பிடிச்சு இழுக்குது. போல்ட்டு இழுக்கறது எத? ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனம் உள்ள தகரத்த, அதுவும் ஒரு சின்ன வாஷர் வழியா.

ரெண்டாவது ஹிட்ச்சுல ரெண்டு பக்கமும் கார் அடியில முன்னாடி போற மாதிரி கை நீட்டினேன், மியாட்டா அடியில கப்பல்ல கட்டி வைக்கறதுக்குன்னு கொக்கி மாட்டின இடம் ரெண்டு பக்கமும் உண்டு, அங்க பாடி கொஞ்சம் கெட்டி. முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் 12 இன்ச் இடைவெளி. அதே 1800ஐ இப்போ 12ஆல வகுங்க, 150. நாலுல ஒரு பங்கு. ஒரு பவுண்ட் இரும்பு கூட கனம் ஏத்தாம வெறும் இடைவெளியிலயே கிடைச்சது இது. வீட்டுல ஹிட்ச் பண்றவங்க பெரும்பாலும் இத விட்டுட்டு கால் இன்ச் பிளேட்ட அரை இன்ச் ஆக்குவாங்க. எடைதான் ஏறும்.

போல்ட்டுக்கு மறுபக்கம் பெரிய பேக்கிங் பிளேட் கண்டிப்பா வேணும், உள்ளங்கை அளவாவது. உள்ள வெத்தா இருக்கற பகுதிக்குள்ள போல்ட்ட முழுசா விட்டு இறுக்கினா குழல் நசுங்கும், உள்ள ஒரு துண்டு பைப்ப ஸ்லீவா சொருகிட்டு இறுக்கணும். மில்லிமீட்டர் போல்ட்டுன்னா 10.9ங்கற வலு கிரேடு வாங்குங்க, தலையில அடிச்சிருக்கும். இன்ச் போல்ட்டுன்னா தலையில ஆறு கோடு இருக்கறது கிரேடு 8, மூணு கோடு கிரேடு 5. கோடே இல்லாதது கதவு கீலுக்கு.

பிரேக் பக்கமும் பாருங்க. 400 பவுண்ட் டிரெய்லருக்கு சொந்த பிரேக் கிடையாது, கலிபோர்னியாவுல 1500 பவுண்ட்ல இருந்துதான் கட்டாயம். அழுத்திப் பிடிச்சீங்கன்னா 320 பவுண்ட் வரைக்கும் பின்னாடி இருந்து ஹிட்ச்ச முட்டும். கீழ இழுக்கறது, மேல தூக்கறது, முன்னாடி முட்டறது, மாத்தி மாத்தி ஆயிரக்கணக்கான தடவ. ஒரு நாள் நின்னுடுச்சுன்னா பாஸ்னு அர்த்தம் இல்ல, எனக்கு மூணு ஈவென்ட் நின்னுச்சே.

வெல்டிங் பத்தி. வீட்டு 110 வோல்ட் மெஷின்ல கால் இன்ச் பிளேட்டுக்கு வெல்டு வச்சா மேல அழகா மணி மணியா உக்காரும், உள்ள இறங்கியிருக்காது. அதே கனத்துல ஒரு வேஸ்ட் துண்டு எடுத்து வெல்டு வச்சு, வைஸ்ல பிடிச்சு சுத்தியால அடிச்சு மடக்கிப் பாருங்க. வெல்டு பிளந்து வந்துச்சுன்னா உங்க மெஷினோ உங்க கையோ இன்னும் தயாரில்ல, அவ்ளோதான், அடுத்த வழிக்குப் போங்க. வெட்கப்பட ஒண்ணுமில்ல.

இன்னும் சிலது, வரிசையெல்லாம் இல்லாம சொல்றேன். ரிசீவர் டியூப ரெடிமேடா வாங்கிடுங்க, சாதா சதுர பைப்புக்குள்ள தையல் மாதிரி ஒரு வெல்டு கோடு ஓடும், பால் மவுன்ட் உள்ள போகாது, போனாலும் கடகடன்னு ஆடும். செயின் மாட்டற வளையம் ஹிட்ச் உடம்புலயே வெல்டு ஆகணும், கழண்டு வர்ற பால் மவுன்ட்ல மாட்டினா செயின் எதுக்கு? காருக்கு நேரா எதையும் வெல்டு வைக்காதீங்க, கார்ல வச்சு அளவு பிடிச்சு ரெண்டு புள்ளி டேக் போட்டாக்கூட பேட்டரிய கழட்டிட்டு போடுங்க, பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு பின்னாடிதான் உக்காந்திருக்கு. ஜிங்க் பூசின பட்டைய பத்த வச்சா வர்ற வெள்ளப் புகை ராத்திரி காய்ச்சல்ல படுக்க வைக்கும். அதவிட பெருசு, குளோரின் உள்ள பிரேக் கிளீனர் ஸ்பிரேயால துடைச்ச இடத்துல வெல்டு வைக்கவே கூடாது, அந்த சூட்டுல பாஸ்ஜீன் உருவாகும், அது உலகப்போர்ல ஆள கொல்ல விட்ட வாயு. சைலன்சருக்கும் ஹிட்ச்சுக்கும் நடுவுல ஒரு இன்ச்சாவது விடுங்க, ரப்பர்ல தொங்கறது ஆடத்தான் செய்யும்.

காசு? எனக்கு ரெண்டாவது தடவ சாமானுக்கு மட்டும் ஆனது: பைப்பு, பிளேட்டு 90, ரிசீவர் 25, போல்ட் 30, பெயிண்ட் 15. ஆக 160. கடை ஹிட்ச் 200க்கு கிடைக்குது! மிச்சம் நாப்பது டாலர், வெல்டும் நாமளே வச்சா அதுக்கு நாலு வீக்எண்ட், ரெண்டு டிரில் பிட், கணக்கில்லாத கிரைண்டர் டிஸ்க், வீட்டுல வாங்கின திட்டு தனி. மெஷின், ஹெல்மெட் எல்லாம் புதுசா வாங்கறவங்களுக்கு கணக்கே வேற, நானூறு ஐநூறுல இருந்து ஆரம்பிக்கும். காச மிச்சம் பிடிக்க ஹிட்ச் பண்றேன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு கூட்டல் போட்டுப் பாக்கவும்.

அப்போ யாருக்கு இது சரி? உங்க காருக்கு கடையில ஹிட்ச்சே இல்ல, இல்ல இருக்கறது நீங்க போட்ட எக்ஸாஸ்டோடயோ டிஃப்யூஸரோடயோ (பின் பம்பருக்கு அடியில காத்த வழிநடத்தற தகடு) இடிக்குது, வெல்டிங் ஏற்கனவே கைவந்த வேல. இது எல்லாம் சேந்து இருக்கறவங்களுக்கு. வாடகை டிரெய்லர் எடுக்கற ஐடியா இருந்தா சொந்த ஹிட்ச் உதவாது, ரேட்டிங் எங்கன்னு கேப்பாங்க. மூடின சின்ன வாடகை டிரெய்லரே காலியா 850 பவுண்ட் வரும், மியாட்டாவுக்கு அது ஆகவும் ஆகாது.

வழி 4: டிசைன் நம்மளது, வெல்டிங் தெரிஞ்சவங்களது

அட்டையில வெட்டி மாதிரி பண்ணி, பைப்ப அளவா அறுத்து, ஓட்டை போட்டு, கார்லயே பிடிச்சுப் பாத்து, கோடு கிழிச்சு எடுத்துட்டுப் போய் ஒரு வெல்டிங் ஷாப்ல குடுக்கறது. ஒரு மணி நேர வேலதான் அவங்களுக்கு. என் ரெண்டாவது ஹிட்ச் இப்படித்தான், வெல்டு என்னோடது இல்ல. சில ஷாப்ல ஹிட்ச்சுன்னு சொன்னதும் கைய விரிச்சுடுவாங்க, ரோட்டுல கழண்டா கேஸ் அவங்க மேல வரும்னு, அதுவும் நியாயம்தான். பொய் சொல்லி "கார்டன் ஸ்டாண்டு"ன்னு குடுக்காதீங்க. எதுக்குன்னு தெரிஞ்சாத்தான் எங்க எவ்ளோ சூடு வைக்கணும்னு அவங்களுக்கும் தெரியும்.

பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | ஹிட்ச் வேணாம் | கடை ஹிட்ச் | முழுக்க சொந்தம் | பாதி சொந்தம் |
|---|---|---|---|---|
| கைக்காசு | டயர் தேய்மானம் | 150–300, மேல ஒரு 100 | 160, மெஷின் இல்லைன்னா 600 தாண்டும் | 160, மேல வெல்டிங் கூலி |
| நேரம் | இல்ல | ஒரு மதியம், துரு இருந்தா ஒரு நாள் | நாலு வீக்எண்ட் | ரெண்டு வீக்எண்ட் |
| எங்க பிடிக்குது | – | யோசிச்சு வச்சிருக்காங்க | நீங்கதான் யோசிக்கணும் | நீங்கதான் யோசிக்கணும் |
| ரேட்டிங் ஸ்டிக்கர் | – | உண்டு | இல்ல | இல்ல |
| கழண்டா பொறுப்பு | – | பங்கு போட ஆள் இருக்கு | நீங்க மட்டும் | பெரும்பாலும் நீங்க |
| எப்போ நல்லது | வருஷம் நாலஞ்சு ஈவென்ட் | உங்க வருஷத்துக்கு கிடைச்சா | கடையில கிடைக்காம, வெல்டிங் கைவந்தா | கடையில கிடைக்காம, வெல்டிங் வராட்டி |

பம்பர்ல கிளாம்ப் போட்டு மாட்டற ஹிட்ச்ச டேபிள்ல சேக்கல. அது பழைய கால இரும்பு பம்பருக்கு வந்தது, மியாட்டா பம்பர் பிளாஸ்டிக்.

வயரிங், எந்த வழின்னாலும்

டிரெய்லர் பக்கம் நாலு வயர் தட்டை கனெக்டர்: வெள்ள எர்த், பிரவுன் டெயில் லைட், மஞ்ச இடது, பச்ச வலது. டிரெய்லர்ல இண்டிகேட்டரும் பிரேக்கும் ஒரே பல்பு. என்ஏ மியாட்டாவுல இண்டிகேட்டர் தனி ஆரஞ்சு, பிரேக் தனி சிவப்பு, அதனால நேரா முறுக்கி விட்டா வேல செய்யாது, நடுவுல ரெண்டு சிக்னலையும் ஒரே வயர்ல சேத்து அனுப்பற ஒரு கன்வெர்ட்டர் வேணும். அதுலயும் பேட்டரில இருந்து நேரா கரன்ட் எடுக்கற வகைய வாங்குங்க, பழைய வயரிங் மேல கூடுதல் லோடு ஏறாது. வேற காருன்னா பேட்டரி முன்னாடி இருக்கும், வயர மொத்த காருக்கும் இழுக்கணும், என்ஏ, என்பி ரெண்டுலயும் பேட்டரி டிக்கியிலயே இருக்கறதால அரை மணி நேரத்துல முடிஞ்சுது. மாஸ்டாக்காரன் நமக்காகவே வச்ச மாதிரி.

ரோட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி ஹிட்ச் மேல ஒரு ஆள ஏத்தி நிக்க வச்சு லேசா குதிக்கச் சொல்லுங்க, நீங்க டிக்கிக்குள்ள டார்ச் அடிச்சு தகரம் அசையுதான்னு பாருங்க. ஒவ்வொரு போல்ட் தலையிலயும் பெயிண்ட் மார்க்கரால தகரத்தோட சேத்து ஒரு கோடு போட்டுடுங்க, திரும்பியிருந்தா கோடு உடைஞ்சு காட்டிக் குடுக்கும். முதல் அம்பது மைல்ல நிறுத்தி மறுபடி ஸ்பானர் போடுங்க. செயின கப்ளருக்கு அடியில குறுக்கா மாட்டுங்க, கழண்டா மூக்கு ரோட்டுல குத்தாம அதுல உக்காரும். கலிபோர்னியாவுல டிரெய்லர் இழுத்தா 55 மைல்தான், அதோட குட்டி டிரெய்லரோட எட்டு இன்ச் வீல் 60ல போனா நிமிஷத்துக்கு 1200 சுத்துக்கு மேல சுத்தும், உங்க கார் வீல் 900 கூட சுத்தாது. அதனால நிறுத்தும்போதெல்லாம் டிரெய்லர் ஹப்ப கையால தொட்டுப் பாருங்க, கைய வைக்க முடியாத அளவுக்கு சுட்டா கிரீஸ் இல்ல, அங்கயே நிறுத்திடுங்க. வீட்டுக்கு வந்ததும் பால் மவுன்ட்ட உருவி டிக்கியில போட்டுடுங்க, நம்பர் பிளேட்ட மறைக்கறது ஒரு பக்கம், இருட்டுல காருக்கு பின்னாடி நடந்து போனா முழங்காலுக்கு கீழ எலும்புல சரியா இடிக்கும், எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு தழும்பு இருக்கு.